மூன்ஸ்டோனா, டர்க்காய்ஸா? வெள்ளி மோதிரத்துக்கு எது?

கையால் செய்த 925 வெள்ளி (92.5% சுத்த வெள்ளி) மோதிரம் வாங்கப் போகிறவர்கள் கடைசியில் தடுமாறுவது இந்த இரண்டு கற்களில்தான்.

உறுதி:
கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் மூன்ஸ்டோன் 6 முதல் 6.5. ஆனால் ஓங்கி இடித்தால் பிளந்துவிடும்.
டர்க்காய்ஸ் 5 முதல் 6. சுலபமாகக் கீறல் விழும்.

பராமரிப்பு:
மூன்ஸ்டோனுக்கு மிதமான சோப்புத் தண்ணீர் போதும்.
டர்க்காய்ஸ் நுண்துளைகள் உள்ள கல். தேங்காய் எண்ணெய், சென்ட், வியர்வை எல்லாவற்றையும் உறிஞ்சி, நாளாக ஆக நீலம் பச்சையாகத் திரும்பும். கறுத்த வெள்ளியை வெளுக்கவைக்கும் திரவத்தில் இதை முக்கவே கூடாது, மெல்லிய துணியால் வெள்ளியை மட்டும் துடைத்தால் போதும்.

போலி:
மூன்ஸ்டோன் என்று பால் நிறக் கண்ணாடியை விற்கிறார்கள். மோதிரத்தை மெல்லச் சாய்த்துப் பாருங்கள், அசல் கல்லில் உள்ளிருந்து தெரியும் நீல ஒளி மேலே நகர்ந்து சில கோணங்களில் மறையும், கண்ணாடியில் எப்படித் திருப்பினாலும் அப்படியே நிற்கும்.
டர்க்காய்ஸில் ஹௌலைட் என்ற வெள்ளைக் கல்லுக்குச் சாயம் ஏற்றியதுதான் அதிகம். விலை மிக மலிவு என்றால் சந்தேகப்படுங்கள்.

விலை: மூன்ஸ்டோன் தெளிவாக இருந்து நீலம் அடித்தால் ஏறும், இலங்கை மீட்டியாகொடைக் கல்லுக்கு அதனால்தான் பேர்.

சமையல், பாத்திரம் என்று கை ஓயாதவர்களுக்கு மூன்ஸ்டோன். அதிலும் கொக்கி வைத்தது வேண்டாம், கல்லைச் சுற்றி வெள்ளி விளிம்பு மடக்கியதாக எடுங்கள். டர்க்காய்ஸ் பிடித்திருந்தால் கம்மலாகவோ டாலராகவோ வாங்குங்கள், அந்த நீலம் ரொம்ப நாள் நிற்கும்.