தாமிரபரணிக்கு எது முதலில்: ஆற்றுச் சுத்தமா, புதுக்கால்வாயா, குளத்துக் கால்களா?

தாமிரபரணியை மீட்க வேண்டும் என்பதில் திருநெல்வேலிச் சீமையில் யாருக்கும் மறுப்பு இல்லை. எங்கே கை வைப்பது என்பதில்தான் கருத்து பிரிகிறது. படித்துறையையும் சாக்கடையையும் முதலில் பாருங்கள் என்கிறார்கள் சிலர். வெள்ளநீரைக் கடலுக்கு விடாமல், தெற்கே செம்மணல் மேடான தேரிக்காட்டுக்குக் கொண்டுபோங்கள் என்கிறார்கள் சிலர். மலையிலிருந்து கடைசிக் குளம் வரை நீர் வரும் வழியான கால் முழுவதையும் ஒன்றாகச் சீர்செய்யுங்கள் என்பது மூன்றாவது கட்சி. நான் அந்தக் கட்சிதான்.

ஆற்றுச் சுத்தத்தில் விவாதிக்க ஒன்றும் இல்லை. பாபநாசத்தில் முங்கிக் குளித்துவிட்டுத் துணியை ஆற்றோடு விடுகிறோம். நகருக்குள் பாளையங்கால்வாயில் அமலைச்செடி என்ற ஆகாயத்தாமரை மண்டுவது சாக்கடைச் சத்தைத் தின்றுதான். திருநெல்வேலி, தூத்துக்குடி இரண்டு மாவட்டமும் குடிப்பது இந்தத் தண்ணீரை. கழிவுநீரை நிறுத்துவது நாளைக்கே நடக்க வேண்டியது. ஆனால் ஆற்றை எவ்வளவு கழுவினாலும், கோடையில் அதில் ஒரு சொட்டு கூடப்போவதில்லை.

இரண்டாவது, தாமிரபரணி – கருமேனியாறு – நம்பியாறு இணைப்பு. 2009-இல் தொடங்கிய பணி. கன்னடியன் கால்வாயிலிருந்து வெள்ளநீரைப் பிரித்து, சுமார் 75 கிலோமீட்டர் தூரம் சாத்தான்குளம், திசையன்விளை பக்கத்து வறண்ட காட்டுக்குக் கொண்டுசெல்வது நோக்கம். கிணறு உப்புக் கரிக்கிற அந்த ஊர்களுக்கு இது தேவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் கவலை வேறு. அந்தக் கால்வாய் ஓடுவது வெள்ளம் வரும் நாட்களில் மட்டும். போய்ச் சேரும் இடத்தில் குளக்கரை பலமாக, தண்ணீர் திறந்துவிடும் மடை ஒழுங்காக இருந்தால்தான் வந்த நீர் நிற்கும். ஆகவே இரண்டாவது வழியும் முடிவில் மூன்றாவதைத்தான் நம்பியிருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் ஒரு ரயில் நிறையப் பயணிகள் சிக்கித் தவித்தார்கள். அணைகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு மூன்றும் மலையை ஒட்டி நிற்கின்றன. அவற்றுக்குக் கிழக்கே சமவெளியில் கொட்டும் மழையைப் பிடிக்க எந்த அணையும் கிடையாது. அங்கே அணை என்றால் அது குளம்தான்.

குளங்கள் தனித்தனி அல்ல. மேல்குளம் நிறைந்து, உபரிநீர் வழியான மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்கு வரத்து. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்று நீரைக் கால்வாய்க்குத் திருப்பிவிடும் எட்டு அணைக்கட்டுகளும், அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களும் இந்தச் சங்கிலிக்காகவே. ஸ்ரீவைகுண்டம் தென்கால் ஓடினால்தான் கடம்பாகுளம் பெருகும். குற்றால மலையில் பிறந்து சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேரும் சிற்றாறும் வழியெல்லாம் குளங்களை நிரப்பிக்கொண்டுதான் வருகிறது. ஒரு கரை உடைந்தால் அந்த வேகம் கீழ்க்குளத்தையும் உடைக்கும். ஒரு கால் அடைபட்டால் கீழே உள்ள அத்தனையும் காயும்.

குளத்துக்குள் பொக்லைன் இறக்கித் தூர் வாரினால் முடிந்தது என்ற நினைப்பு இங்கே பலருக்கு உண்டு. மடை மட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்த நீர் வயலுக்கு ஏறாது. வரத்துக்காலில் சீமைக்கருவேலம் நிற்க, சாலைக்கு அடியில் வாய்க்கால் அகலத்துக்குப் பொருந்தாத குழாய் கிடக்க, குளத்தின் நீர் நிற்கும் உள்வாயில் வீட்டுமனைக் கல் நட்டிருக்க, குளத்தை ஆழப்படுத்தி என்ன செய்ய? என் பெரியப்பா மழை பெய்த மறுநாள் குளத்தைப் பார்க்கப் போக மாட்டார். மண்வெட்டியோடு கால் வழியாக நடப்பார்.

மூன்றாவது வழியின் சிக்கலையும் சொல்லியாக வேண்டும். நூறு ஏக்கருக்கு மேல் பாசனமுள்ள குளம் நீர்வளத் துறையிடம், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம், ஓடைப் புறம்போக்கு வருவாய்த் துறையிடம், மலை வனத்துறையிடம். நான்கு பேரும் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். ஆக்கிரமிப்பு அகற்றும்போது உறவுக்காரர் மனை முதலில் வரும். வேலை மெதுவாகத்தான் நடக்கும். திறப்பு விழாவுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.

இருந்தாலும் நான் இதையே முதலில் வைப்பேன். சாக்கடையை நிறுத்தும் வேலை பக்கத்திலேயே நடக்கட்டும். புதுக்கால்வாய்க்குச் செலவிடும்போதே அதன் கடைசிக் குளங்களின் கரைக்கும் பணம் ஒதுக்கட்டும். சிற்றாற்று வடிநிலம் ஒன்றை எடுத்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு மறுகாலாக அளந்து தொடங்கலாம். பிசான நெல் அறுப்பு முடிந்து பங்குனியில் குளம் வற்றும். ஐப்பசி மழை இறங்குவதற்கு முன் கையில் இருப்பது ஆறேழு மாதம்.