அண்ணா நகர்ப் பக்கம் ஒரு ஆட்டிசம் பள்ளி: எது நன்று, எது போதாது

வகுப்புக்கு ஆறு பிள்ளைகள், ரெண்டு டீச்சர். சிறப்பு ஆசிரியர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் (ஆர்.சி.ஐ) பதிவு எண்ணைக் கேட்டதும் காட்டுகிறார்கள். அன்றைய வேலைகள் படங்களாக, பிள்ளையின் கண்மட்டத்தில் வெல்குரோவில் ஒட்டியிருக்கின்றன. ஒன்று முடிந்ததும் பிள்ளையே படத்தைக் கழற்றி டப்பாவில் போடுகிறது. இதுதான் சரியான முறை.

சாப்பாட்டு நேரம்தான் கோளாறு. தகரக் கூரை, எவர்சில்வர் தட்டுச் சத்தம்; காதைப் பொத்துகிற பிள்ளை ஒதுங்க ஒரு மூலை கிடையாது. அப்புறம் 'அடம்' என்கிறார்கள்!

பேச்சுப் பயிற்சி நாலு பேருக்குச் சேர்த்து அரை மணி நேரம். பத்தாது. சேர்க்குமுன் தனிநபர் கல்வித் திட்டத்தின், அதாவது உங்கள் பிள்ளைக்கென்று எழுதும் இலக்குகளின், நகலைக் கேளுங்கள். 'தொடர்பு மேம்படும்' என்றிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். 'தண்ணீர் வேண்டுமானால் படத்தை எடுத்து நீட்டுவான்' என்பதுபோல் அளக்க முடிவதாக இருக்க வேண்டும்.

ஊனச் சான்றில் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு; கட்டணம் பேசும்போது சான்று கையில் இருக்கட்டும்.