தாராசுரத்திலிருந்து கப்பலுக்கு: நாலு பெட்டியோடு ரயிலா, பஸ்ஸா, காரா?

சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூனில் உல்லாசக் கப்பல் கிளம்பத் தொடங்கிய நாள்முதல் அப்பாவுக்கு அதன்மேல் ஒரு கண். அவருடைய தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனவர். தகர டிரங்குப் பெட்டியை மாட்டு வண்டியில் ஏற்றி ரயிலடிக்குக் கொண்டுபோன கதையைக் கேட்டுத்தான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம். போன ஆண்டு அக்காவும் நானுமாகச் சேர்ந்து அப்பாவையும் அம்மாவையும் அந்தக் கப்பலுக்கு அழைத்துப்போனோம். கப்பல் டிக்கெட் எடுக்க ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. கும்பகோணத்தை ஒட்டிய தாராசுரத்து வீட்டு வாசலிலிருந்து துறைமுக வாசல்வரை நாலு பேரும் நாலு பெட்டியும் போய்ச் சேர்வது எப்படி என்பதற்குத்தான் இரண்டு வாரம் பேசினோம். அடுத்து யாராவது இதே யோசனையில் உட்கார்ந்திருந்தால் அந்த இரண்டு வாரம் அவர்களுக்கு மிச்சமாகட்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போவதற்கு இரவு ரயில். திரும்புவதற்கு மட்டும் பஸ்ஸுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது.

காரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் ஏற்றிய பெட்டியைத் துறைமுகத்தில்தான் இறக்கப்போகிறோம். அந்தச் சுகத்துக்கு ஈடு கிடையாது. கும்பகோணத்திலிருந்து சென்னை ஏறக்குறைய 290 கிலோமீட்டர். ஒருவழி டாக்ஸிக்கு எங்களிடம் கேட்டது கிலோமீட்டருக்கு 14 ரூபாய், அதற்குமேல் ஓட்டுநர் பேட்டா, சுங்கம். கூட்டிப் பார்த்தால் 5,000 ரூபாயைத் தொட்டது. அதையும் கொடுத்திருப்போம், பின்பெட்டியில் இடம் இருந்திருந்தால். இப்போது ஓடும் சிறிய டாக்ஸிகளில் பலவற்றுக்குப் பின்னால் கேஸ் சிலிண்டர் இருக்கிறது. பெரிய பெட்டி ஒன்று உள்ளே போகும், இரண்டாவது பாதிதான் போகும், மற்ற இரண்டும் மடியில். கூரையில் கேரியர் வைத்த ஏழு பேர் வண்டி என்றால் வாடகை இன்னும் ஏறுகிறது. ஆறேழு பேராகச் சேர்ந்து போகிறவர்கள் அந்தப் பெரிய வண்டியைத் தாராளமாகப் பேசலாம். தலைக்கு விழும் தொகை அப்போது கட்டுப்படியாகும். நாலு பேருக்கு ஆகாது. பகல் நேரமாகக் கிளம்புங்கள் என்றுமட்டும் சொல்வேன். விடியற்காலை மூன்று மணிக்கு விக்கிரவாண்டிச் சாலையில் ஓட்டுநர் கண்ணைத் தேய்த்துக்கொள்வதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க எனக்கு மனம் வராது.

இனி பஸ்ஸும் ரயிலும். இரண்டுக்கும் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் ஏறக்குறைய இரவு முழுக்க ஓடுகின்றன. இரண்டையும் பிரித்துக் காட்டுவது, சென்னையில் உங்களை எங்கே இறக்கிவிடுகின்றன என்பதுதான். நாங்கள் கடைசிவரை மல்லுக்கு நின்றது இந்த ஒரு விஷயத்தோடுதான்.

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முன்பு நம் பக்கத்துப் பஸ்கள் கோயம்பேடுவரை போகும். அங்கிருந்து துறைமுகம் ஓர் ஆட்டோ தூரம். இப்போது வண்டலூருக்கு முன்பே, கிளாம்பாக்கத்தில் பயணம் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து துறைமுகம் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். மாநகரப் பேருந்துகள் நிறைய உண்டு. ஆனால் அதிகாலையில் தூக்கக் கலக்கத்தோடு, நாலு பெட்டியை அந்த உயரமான படியில் ஏற்றி, ஓட்டுநர் பிரேக் போடும்போதெல்லாம் பெட்டி உருண்டு அடுத்தவர் காலில் மோதாமல் பிடித்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் போய்ப் பாரிமுனையில் இறக்கி, மறுபடி ஆட்டோவில் ஏற்ற வேண்டும். வேண்டாம் என்று டாக்ஸி பிடித்தால், அந்த 35 கிலோமீட்டருக்கே கும்பகோணத்திலிருந்து நாலு பேருக்கு ஆன ரயில் டிக்கெட் காசு போய்விடும்.

எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து துறைமுகம் ஐந்து கிலோமீட்டருக்குள். முப்பது கிலோமீட்டர் வித்தியாசம் வரைபடத்தில் சின்னக் கோடாகத்தான் தெரியும். கையில் பெட்டி இருக்கும்போதுதான் அதன் நீளம் தெரியும்.

நாங்கள் ஒரு கணக்குப் போட்டோம். சக்கரத்தில் உருட்டுவதைக் கணக்கில் சேர்க்கவில்லை. பெட்டியைத் தரையிலிருந்து கை வைத்துத் தூக்கி, ஒரு வண்டியில் ஏற்றி, இறக்குவது ஒரு தூக்கல். அப்பாவுக்கு முழங்கால் வலி. அம்மாவுக்குத் தோளுக்குமேல் கை போகாது. ஆகவே தூக்குகிறவர்கள் அக்காவும் நானும் மட்டும். ஒவ்வொரு தூக்கலுக்கும் ஆளுக்கு இரண்டு பெட்டி. காரில் போனால் ஒரு தூக்கல். ரயிலில் மூன்று: வீட்டு வாசலில் ஆட்டோ, ரயில், எழும்பூரில் ஆட்டோ. பஸ்ஸில் நாலு, அதில் ஒன்று கூட்டமான மாநகரப் பேருந்து. எண்ணிக்கையில் ஒன்றுதான் வித்தியாசம். அந்த ஒன்றுதான் அக்காவை ரயில் பக்கம் சாய வைத்தது. அப்பாவுக்கு அதற்குமேல் ஒரு காரணம் இருந்தது. "பஸ் நினைத்த இடத்தில் நிற்காது அம்மா, ரயிலில் எழுந்துபோய் வரலாம்" என்றார். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களோடு இரவுப் பயணம் போகிறவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்களுக்கு ஒத்துவந்தது தஞ்சாவூரிலிருந்து வரும் உழவன் எக்ஸ்பிரஸ். இரவு பத்து மணிக்குமேல் கும்பகோணம், விடியும் முன்னே சென்னை. மன்னார்குடிக்காரர்களுக்கு மன்னை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. நாகை, திருவாரூர் பக்கத்தார்க்குக் காரைக்கால் எக்ஸ்பிரஸ். சோழன் எக்ஸ்பிரஸ் பகல் வண்டி, மாலையில் போய்ச் சேரும். கப்பல் மறுநாள்தான் என்பதால் ஓர் இரவு விடுதிச் செலவு கூடும். உறவினர் வீடு இருப்பவர்களுக்குச் சோழன் சுகம்.

டிக்கெட் எடுப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு, அதை நாங்கள் தாமதமாகத்தான் கற்றோம். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது. கப்பலுக்கு அதற்கு வெகு முன்பே பணம் கட்டியிருப்போம். ஆகவே அந்த அறுபதாம் நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்துவிடுங்கள். முகூர்த்த மாதமாக இருந்தால் நம் தடத்தில் இடம் வெகு சீக்கிரம் கரைகிறது. நாலு பேருக்கும் ஒரே டிக்கெட்டாக எடுக்காதீர்கள். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு ஒன்று இருக்கிறது. ஒரு டிக்கெட்டில் அப்படிப்பட்டவர்கள் இரண்டு பேருக்குள் இருந்தால்தான் அது செல்லும். நம்மையும் சேர்த்து எடுத்தால் கிடைக்காது. அப்பா அம்மாவுக்குத் தனியாக எடுத்தோம், இருவருக்கும் கீழ்ப்படுக்கை விழுந்தது. அந்தப் படுக்கைகளின் அடியில் இடம் இருந்தது. நாலு பெட்டியும் அங்கேதான் போயின.

பெரிய பெட்டியைப் படுக்க வைத்து, கைப்பிடி வெளியே பார்க்கும்படி தள்ள வேண்டும். இருக்கைக்கு அடியில் இரும்பு வளையம் இருக்கும். அப்பா வீட்டிலிருந்தே சைக்கிள் சங்கிலியும் பூட்டும் கொண்டுவந்திருந்தார். நாலு கைப்பிடிக்குள்ளும் சங்கிலியை விட்டு வளையத்தில் பூட்டி, சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டு படுத்தார். அந்த இரவு எங்களில் நன்றாகத் தூங்கியவர் அவர்தான். படுக்கை வசதிப் பெட்டியில் ஒருவருக்கு 40 கிலோ வரை இலவசமாகக் கொண்டுபோகலாம் என்பதால் எடையைப் பற்றிக் கவலையே இல்லை.

கும்பகோணத்தில் வண்டி நிற்பது கொஞ்ச நேரம்தான். நாம் ஏற வேண்டிய ரயில் பெட்டி எந்த இடத்தில் நிற்கும் என்று முன்பே பார்த்து அங்கே போய் நின்றுவிட வேண்டும். அக்கா முதலில் ஏறி உள்ளே இழுத்தாள், நான் கீழிருந்து தூக்கிக் கொடுத்தேன், அப்பாவும் அம்மாவும் அடுத்த கதவில் ஏறினார்கள். இதை முன்கூட்டியே பேசி வைத்தது நல்லதாகப் போயிற்று.

ரயிலின் குறை, அது சீக்கிரம் கொண்டுபோய் விட்டுவிடுவது. எங்களைக் கப்பலில் ஏற்றத் தொடங்கியது நண்பகலுக்கு மேல். எழும்பூரில் இறங்கியபோது இன்னும் இருட்டு. ஏழெட்டு மணி நேரத்தைப் பெட்டியோடு எங்கே கழிப்பது? நிலையத்திலேயே பொருள் பாதுகாப்பு அறை உண்டு. ரயில் டிக்கெட்டைக் காட்டி ஒப்படைக்கலாம். பூட்டில்லாத பையை வாங்க மாட்டார்கள். அம்மாவின் கட்டைப் பை அங்கே தங்கவில்லை. முறுக்கும் எள்ளுருண்டையுமாக எங்களோடு கென்னட் சந்து வரை வந்தது. அந்தச் சந்தில் சின்ன விடுதிகள் நிறைய. ஓர் அறை எடுத்துக் குளித்து, இட்லி சாப்பிட்டு, அப்பாவைக் காலை நீட்டிப் படுக்கச் சொன்னோம். வெளிச் சாப்பாட்டுக்குக் கப்பலில் அனுமதியில்லை என்று பயணச் சீட்டிலேயே அச்சிட்டிருந்ததால் முறுக்கு அங்கேயே தீர்ந்தது. இந்த அறைச் செலவையும் ரயில் கணக்கில் சேர்த்துத்தான் பேச வேண்டும். அப்படிச் சேர்த்தும் காருக்கு ஆகும் தொகையில் பாதியைத் தாண்டவில்லை.

எழும்பூரிலிருந்து துறைமுகத்துக்கு இரண்டு ஆட்டோ பிடித்தோம், ஒன்றுக்கு 200 ரூபாய். ஆட்டோவில் ஏறுமுன் எந்த வாசல் என்பதைப் பயணச் சீட்டில் பார்த்துச் சொல்லுங்கள். துறைமுகத்துக்கு ராஜாஜி சாலை நெடுகிலும் வாசல்கள் இருக்கின்றன. போர் நினைவுச் சின்னத்தின் அருகிலும் ஒன்று. "ஹார்பர்" என்றுமட்டும் சொன்னால் தவறான முனையில் இறங்கி வெயிலில் பெட்டியை இழுக்க நேரும். வாசலில் பாஸ்போர்ட்டும் சீட்டும் கையில் தயாராக இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம். உள்ளே போனதும் பெட்டிகளுக்குச் சீட்டுக் கட்டி அவர்களே வாங்கிக்கொண்டார்கள்; அடுத்து நாங்கள் அவற்றைப் பார்த்தது கப்பலில் எங்கள் அறை வாசலில்தான்.

ஆட்டோவுக்குப் பதில் மெட்ரோவும் இருக்கிறது. எழும்பூரில் ஏறி, சென்ட்ரலில் நீலத் தடத்துக்கு மாறி, உயர் நீதிமன்றம் நிலையத்தில் இறங்கலாம். மின்தூக்கி, நகரும் படிக்கட்டு எல்லாம் உண்டு. அந்தத் தடத்தில் வெறுங்கையோடு போயிருக்கிறேன், பெட்டியோடு போனதில்லை. ஒருவர் ஒரு பெட்டி என்றால் நன்றாக இருக்கும் என்றே தோன்றுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எழும்பூர் நிலையத்தில் சீரமைப்பு வேலை நடப்பதால், 2025-இல் தெற்கேயிருந்து வரும் சில ரயில்கள் சில வாரங்கள் தாம்பரத்தோடு நிறுத்தப்பட்டன. கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தாம்பரத்தில் இறக்கிவிட்டாலும் கலங்க வேண்டாம். அங்கிருந்து கடற்கரை நிலையத்துக்குப் புறநகர் ரயில் இருக்கிறது, டிக்கெட் 10 ரூபாய். தாம்பரத்திலேயே புறப்படும் வண்டியாகப் பார்த்து ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். கடற்கரை நிலையம் ராஜாஜி சாலைமேலேயே இருக்கிறது. கிளாம்பாக்கத்தில் இறங்குவதைவிட அப்போதும் இது மேல்.

திரும்பும் கணக்கு வேறு. கப்பல் காலையில் கரை சேர்ந்தது. வெளியே வரும்போது பத்து மணி. உழவன் இரவில்தான். அப்பாவை மறுபடி ஒரு பகல் முழுக்க எங்காவது உட்கார வைக்க மனமில்லை. கடற்கரை நிலையத்துக்குப் போனோம். தாம்பரம் வண்டிகள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. காலியான ரயில் பெட்டி, கதவை ஒட்டி அகலமான இடம், அவசரமில்லாமல் ஏற்ற நேரம். காலைக் கூட்டம் எதிர்த்திசையில் நகருக்குள் வந்துகொண்டிருந்தது. தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் கிளாம்பாக்கம் ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர். அங்கே கும்பகோணம் பஸ் அடுத்தடுத்து நிற்கிறது, முன்பதிவே தேவைப்படவில்லை. பெட்டிகளைப் பஸ்ஸின் வயிற்றில் வைத்துப் பூட்டினார்கள். ஏழு மணி நேரம். வழியில் பயணவழி உணவகத்தில் ஒரே நிறுத்தம். வீடு வந்தபோது அப்பாவின் முழங்கால் வீங்கியிருந்தது. அக்காவும் நானும் மட்டும் போயிருந்தால் திரும்புவதற்குக் கண்ணை மூடிக்கொண்டு பஸ் என்றிருப்பேன். அப்பாவோடு இன்னொருமுறை போனால், எழும்பூரில் பகலுக்கு ஓர் அறை எடுத்து இரவு ரயிலிலேயே வருவேன்.

குளிர்சாதன பஸ், படுக்கை வசதியுள்ள ஆம்னி பஸ் இவற்றில் பெட்டியோடு போன அனுபவம் எனக்கு ஒருமுறைதான், அதுவும் தனியாக. பெட்டி வைக்க இடம் தாராளமாக இருந்தது, தூக்கமும் வந்தது. ஆனால் இறக்கிவிட்டது அதே கிளாம்பாக்கத்தில்தான்.

அக்காவின் பெட்டியில் ஒரு சக்கரம் திரும்பும் வழியில் உடைந்தது. கும்பகோணம் பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோ வரை அதைத் தோளில் வைத்துத்தான் கொண்டுவந்தாள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பெட்டியை நிரப்பித் தெருவில் ஒருமுறை உருட்டிப் பாருங்கள்.