மக்களவைக் கேள்வி–பதில் இணையச் சேவை: ஒரு வாசகரின் மதிப்பீடு

நம் ஊர் ரயில் நிலையத்துக்கு நடைமேம்பாலம் எப்போது வரும், மூடப்பட்ட துணை அஞ்சலகம் மீண்டும் திறக்கப்படுமா, தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் வசூல் எதுவரை நீடிக்கும் என்பன போன்றவற்றை நாடாளுமன்ற உறுப்பினர் எவரேனும் கேட்டாரா, கேட்டிருந்தால் அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்று அறிய விரும்புவோருக்கு இன்று இருக்கும் சிறந்த வசதி, நாடாளுமன்றத்தின் ‘சன்சத்’ இணையதளத்தில் இரு அவைகளுக்கும் தனித்தனியே அமைந்துள்ள கேள்வி–பதில் பகுதியே ஆகும். கட்டணம் கிடையாது, காரணம் சொல்லி யாரிடமும் விண்ணப்பிக்க வேண்டியதும் இல்லை. இத்தனை பயனுள்ள ஒரு பொதுச்சேவை தமிழ் வாசகர்களிடையே மிகக் குறைவாகவே பேசப்படுவது வருத்தமளிப்பதால், மக்களவைப் பகுதியை மையமாக வைத்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

கேள்வி நேரம் என்றதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது, காலை 11 மணிக்கு அவை கூடியதும் தொலைக்காட்சியில் தெரியும் அந்த ஒரு மணி நேரம்தான். அது நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளுக்கு உரியது. ஒரு நாளைக்கு 20 கேள்விகள் குலுக்கல் முறையில் தேர்வாகின்றன. அமைச்சர் எழுந்து நின்று வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், கேட்ட உறுப்பினர் அதைத் தொடர்ந்து துணைக் கேள்விகளும் கேட்கலாம். இந்தத் துணைக் கேள்விகளுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு 1957-இல் நடந்ததே சான்று. ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் செய்த முதலீடு குறித்து அவையில் எழுந்த கேள்விகளும், அவற்றைத் தொடர்ந்து ஆளுங்கட்சி உறுப்பினர் பெரோஸ் காந்தி விடாமல் முன்வைத்த வாதங்களும், நீதிபதி சாக்ளா தலைமையிலான விசாரணை வரை சென்று, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகுவதில் முடிந்தன. ஆயினும் நடைமுறையில் ஒரு மணி நேரத்துக்குள் சில கேள்விகளுக்கே வாய்ப்புக் கிடைக்கிறது. அமளி ஏற்படும் நாள்களில் அதுவும் இல்லை. முறை வராத நட்சத்திரக் கேள்விகளுக்கான பதில்கள் எழுத்து வடிவில் அவையில் வைக்கப்பட்டு, அப்படியே இணையதளத்துக்கு வந்துவிடுகின்றன.

இந்தச் சேவையின் உண்மையான செல்வம், தொலைக்காட்சியில் ஒருபோதும் தெரியாத நட்சத்திரக் குறியிடாத கேள்விகளில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. இவை ஒரு நாளைக்கு 230 வரை ஏற்கப்படுகின்றன. பதில் எழுத்தில் மட்டுமே வரும். அமைச்சகங்கள் ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, வாரத்தின் ஒவ்வொரு வேலைநாளும் ஒரு தொகுதிக்கு ஒதுக்கப்படுவதால், ரயில்வேயோ சுகாதாரமோ எந்தக் கிழமையில் வரும் என்று கூட்டத்தொடரின் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ளலாம். தலைப்புச் செய்தி ஆகாத சின்னஞ்சிறு உள்ளூர் விவகாரங்கள் இடம்பெறுவது இங்கேதான். ஒரு ரயில் நிறுத்தம், ஒரு தொழிலாளர் காப்பீட்டு மருத்துவமனையின் காலிப் பணியிடங்கள், மீனவ கிராமம் ஒன்றில் கடல் அரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவு அமைக்கும் கோரிக்கை என்று, உறுப்பினர்கள் தம் தொகுதிக்காக உழைத்திருக்கிறார்களா என்பதை அளக்க மேடைப் பேச்சைவிட இந்தப் பட்டியல் எவ்வளவோ நம்பகமானது.

பதில் கோப்பு ஒன்றைத் திறந்தால் முதலில் அமைச்சகத்தின் பெயர், அதன்கீழ் கேள்வி எண், பதில் அளிக்கும் தேதி, அடுத்து கேட்டவரின் பெயர், பிறகு கேள்வி என்ற ஒழுங்கு மாறாமல் இருக்கும். ஆங்கிலத் தேதியோடு, இந்திய தேசிய நாள்காட்டியான சக ஆண்டின் தேதியும் பல கோப்புகளில் அச்சாகியிருக்கும். கேள்வி வழக்கமாக உட்பிரிவுகளாகப் பிரிந்திருக்கும்: இன்ன திட்டம் அரசின் பரிசீலனையில் உள்ளதா, ஆம் எனில் அதன் விவரம் என்ன, இல்லை எனில் காரணம் என்ன, எப்போது முடியும். படிக்கப் பழகியவர்கள் முதலில் பார்ப்பது, அமைச்சர் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே பதில் சொல்லியிருக்கிறாரா, அல்லது எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ‘முதல் பிரிவிலிருந்து கடைசிப் பிரிவு வரை’ என்று ஒரே பத்தியில் முடித்திருக்கிறாரா என்பதைத்தான். தனித்தனியே சொன்னால் தவிர்க்கப்பட்ட பிரிவு உடனே கண்ணில் படும். சேர்த்துச் சொல்லும்போது, திட்டத்தின் வரலாறும் நிதி ஒதுக்கீடும் நீண்டுகொண்டே போய், எப்போது முடியும் என்ற கடைசிப் பிரிவு மட்டும் காணாமல் போயிருப்பதைக் கேள்வியையும் பதிலையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் இச்சேவையின் பயன் பன்மடங்காகும்.

இதன் ஆற்றலைச் சோதித்துப் பார்க்க மதுரை எய்ம்ஸ் மருத்துவமனையைத் தேடச் சொல்வேன். 2015 பிப்ரவரியில் நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் அறிவிக்கப்பட்டது. 2018 டிசம்பரில் 1,264 கோடி ரூபாய் மதிப்பில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது 45 மாதங்களில் பணி முடியும் என்று சொல்லப்பட்டது. 2019 ஜனவரி 27 அன்று, மதுரையை அடுத்த தோப்பூரில் அமையும் இந்த மருத்துவமனைக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். பின்னர் ஜப்பானியக் கடனுதவி ஒப்பந்தம் 2021 மார்ச்சில்தான் கையெழுத்தானது, மதிப்பீடு 1,977.8 கோடி ரூபாயாக உயர்ந்தது. 2022-இல் முதல் 50 மாணவர்கள் கட்டடம் இல்லாமலேயே இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் படிப்பைத் தொடங்கினார்கள். முழு வீச்சிலான கட்டுமானம் 2024-இல்தான் தொடங்கியது. மதுரை உறுப்பினர் சு. வெங்கடேசன் உள்ளிட்ட பலர் இரு அவைகளிலும் திரும்பத் திரும்ப எழுப்பிய கேள்விகளுக்கு வந்த பதில்களைத் தேதி வாரியாக அடுக்கிப் படிக்கும்போது, தொகை எப்போது ஏறியது, காலக்கெடு எப்போது நகர்ந்தது, தாமதத்துக்குச் சொல்லப்பட்ட காரணம் எந்தக் கூட்டத்தொடரில் மாறியது என்பதெல்லாம் அரசின் சொந்த எழுத்திலேயே கிடைக்கிறது. ஒரே கேள்வியைப் பல முறை கேட்பதில் என்ன பயன் என்று சலித்துக்கொள்கிறவர்கள் இந்த வரிசையைப் பார்க்க வேண்டும். ஒரு பதில் தகவலாக மட்டும் நின்றுவிடும். அடுத்தடுத்த பதில்கள் சேரும்போதுதான் அமைச்சகம் முன்பு சொன்னதற்குக் கணக்குக் காட்ட வேண்டிய நிலை உண்டாகிறது.

பதிலே இல்லாத பதில்களுக்கும் இங்கே மதிப்பு உண்டு. 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரம் ரத்துசெய்யப்பட்ட மழைக்காலக் கூட்டத்தொடரிலும் எழுத்துப்பூர்வக் கேள்விகள் அனுமதிக்கப்பட்டன. ஊரடங்கின்போது ஊர் திரும்பும் வழியில் உயிரிழந்த புலம்பெயர் தொழிலாளர்களைப் பற்றிக் கேட்டதற்கு, அத்தகைய தரவு பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் நலத்துறை அமைச்சகம் எழுதிக்கொடுத்தது. இழப்பீடு வழங்கப்பட்டதா என்ற அடுத்த பிரிவுக்கு, முந்தைய பதிலை நோக்க அந்தக் கேள்வி எழவில்லை என்று பதில் வந்தது. நாடே விவாதித்த அந்தச் செய்தியின் மூல ஆவணம் ஒரு சாதாரண எழுத்துப்பூர்வப் பதில்தான். நட்சத்திரம் இல்லாத கேள்விகளை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

குறைகளில் முதன்மையானது மொழி. பதில்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியாகின்றன. எங்கள் ஊர்ச் சாலையைப் பற்றி எங்கள் உறுப்பினர் கேட்டுப் பெற்ற பதிலை, அந்தச் சாலையில் தினமும் பேருந்துக்குக் காத்து நிற்கிறவர் தம் மொழியில் படிக்க முடியாது என்றால், அந்தச் சேவை பாதியிலேயே நின்றுவிடுகிறது என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாநிலத்தையும் குறித்த பதில்களையாவது அந்த மாநில மொழியில் வெளியிடுவது இன்றைய தொழில்நுட்ப வசதியில் இயலாத காரியம் அல்ல.

தேடுவதற்குச் சிறிது பயிற்சி வேண்டும். உறுப்பினர் பெயர், அமைச்சகம், கூட்டத்தொடர், கேள்வியின் வகை ஆகியவற்றைக் கொண்டு வடிகட்டும் வசதி நன்றாகவே இருக்கிறது; ஊர்ப் பெயரை மட்டும் நம்பித் தேடுவது சரிப்பட்டு வராது. திருச்சி ஓரிடத்தில் முழுப்பெயரிலும் வேறிடத்தில் சுருக்கப் பெயரிலும் இருக்கும். தூத்துக்குடி சில இடங்களில் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருக்கும். தவிர, உங்கள் ஊரைப் பற்றிய கேள்வி ‘ரயில் நிலைய மேம்பாடு’ என்ற பொதுத் தலைப்பில் பதிவாகி, விவரம் பதிலின் பின்னிணைப்பிலுள்ள நீண்ட அட்டவணையின் ஒரு வரியில் புதைந்திருக்கலாம். எனவே அமைச்சகத்தையும் உறுப்பினரையும் தேர்ந்தெடுத்துவிட்டுத் தலைப்புகளைக் கண்ணால் ஓட்டிப் பார்ப்பதே சிறந்த வழி. பின்னிணைப்புகளைத் திறக்காமல் விடக் கூடாது.

இந்தச் சேவையிடம் எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரேஷன் கடை, நகரப் பேருந்து, குடிநீர்க் குழாய் போன்றவை மாநில அரசின் பொறுப்பு என்பதால், அவற்றைப் பற்றிய கேள்வி பெரும்பாலும் ஏற்கப்படுவதில்லை. ஏற்கப்பட்டாலும் பதிலின் முதல் வரியே ‘இது மாநிலப் பட்டியலில் உள்ள பொருள்’ என்று தொடங்கும். அவற்றுக்குச் சட்டப்பேரவைக் கேள்வி நேரத்தைத்தான் நாட வேண்டும். மேலும், நாடாளுமன்றத்தில் கேள்விக்கான அறிவிப்பைப் பொதுவாக 15 முழு நாள்களுக்கு முன்பே கொடுக்க வேண்டியிருப்பதால், நேற்று உடைந்த பாலத்துக்கு நாளைக்கே பதில் கிடைக்கும் என்று காத்திருப்பதிலும் பொருள் இல்லை. ஒரு குறிப்பிட்ட கோப்பின் நகல்தான் தேவை என்றால், 10 ரூபாய் கட்டணத்தில் 30 நாள் கெடுவுடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுச் செய்வதே பொருத்தமான வழி.

அமைச்சர் ‘பரிசீலனையில் உள்ளது’ என்றோ ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது’ என்றோ எழுதிவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இத்தகைய சொற்கள் உறுதிமொழியாகக் கொள்ளப்பட்டு, மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றப்பட வேண்டியவை ஆகின்றன; அவை நிறைவேறினவா என்று கண்காணிக்க அரசு உறுதிமொழிகள் குழு ஒன்று அவையில் உண்டு. கெடு நீட்டிக்கப்படுவது வழக்கமாகவே இருந்தாலும் கணக்கு முடியாமல் நிற்கும். சேவையின் பெரிய இடைவெளியை இங்கேதான் காண்கிறேன்: பதில் கோப்பு ஓரிடத்திலும், அதிலிருந்து பிறந்த உறுதிமொழியின் கதி வேறிடத்திலும் கிடப்பதால், வாசகர் இரண்டையும் தாமே இணைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பதில் பக்கத்திலேயே ‘உறுதிமொழி நிலுவையில்’, ‘நிறைவேற்றப்பட்டது’ என்று ஒரு குறிப்பும் இணைப்பும் சேர்த்தால், மக்களவைச் செயலகம் ஏற்கெனவே செய்துவரும் நல்ல பணி முழுமை பெறும்.

உள்ளூர்ச் செய்தியாளர்களுக்கும், குடியிருப்போர் நலச் சங்கத்தினருக்கும், ரயில் பயணிகள் சங்கத்தினருக்கும் இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். உறுப்பினரைச் சந்தித்து மனுக் கொடுக்கச் செல்வதற்கு முன், அவர் அதே பொருளில் முன்பு கேட்ட கேள்வியின் எண்ணையும் தேதியையும் இங்கிருந்து குறித்துக்கொண்டு, விடுபட்ட உட்பிரிவு எது என்று மனுவிலேயே சுட்டிக்காட்டுங்கள்; அடுத்த கூட்டத்தொடருக்கு அவர் அறிவிப்புக் கொடுக்க அந்த ஒரு வரி போதும்.