இலக்கணத் திருத்தியோடு மூன்று வருடம்: ‘டுமாரோ’ பக்கத்தில் எப்படி ‘கேம்’ வந்தது?

வேலை தொடர்பான மெயில் எல்லாம் நான் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். மூன்று வருடமாக ஒரு இலக்கணத் திருத்தும் செயலி துணைக்கு இருக்கிறது. அப்படியும் என்னை விடாமல் துரத்திய பிழை ஒன்று உண்டு: நாளை நடக்கப்போவதற்கு இறந்தகால வினை போடுவது.

‘ஐ வில் வென்ட் டுமாரோ’ வகைப் பிழைகள் சில மாதங்களிலேயே போய்விட்டன. ‘வில்’லுக்குப் பின்னால் ‘கோ’தான் வரும் என்று ஒவ்வொரு தடவையும் சிவப்புக் கோடு விழுந்து கை பழகிவிட்டது. இதற்கு அந்தச் செயலியை மனதாரப் பாராட்டுவேன்.

ஆனால் ‘ஆஃப்டர் ஐ கேம் டுமாரோ, ஐ வில் கால் யூ’ என்று எழுதினால் பல நேரம் கோடே விழாது. அப்படிப் போன ஒரு மெயிலுக்கு, “வந்துவிட்டீர்களா, இல்லை நாளைதான் வருகிறீர்களா?” என்று பதில் வந்தது. மிகவும் சங்கடமாகிவிட்டது.

அன்றைக்குத்தான் என் தமிழைக் கவனித்தேன். ‘நாளைக்கு வந்ததும் கூப்பிடுறேன்’, ‘வந்த பிறகு பேசலாம்’, ‘வந்தால் சொல்றேன்’. மூன்றிலும் இருப்பது இறந்தகால அடி. அங்கே அது நேற்றைச் சொல்லவில்லை. முதலில் எது முடிய வேண்டும் என்பதைச் சொல்கிறது. ஆங்கிலத்திலோ ‘ஆஃப்டர்’, ‘வென்’ பின்னால் வருங்காலத்துக்கு நிகழ்கால வினை: ‘ஆஃப்டர் ஐ கம்’. நான் ‘வந்த’ என்பதை அப்படியே ‘கேம்’ ஆக்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு பயம் பிடித்து, சரியான வாக்கியங்களையும் கெடுத்தேன். ‘ஐ விஷ் யூ வேர் கமிங் டுமாரோ’ சரிதான். ‘இஃப் ஐ வென்ட் டுமாரோ, ஐ வுட் மிஸ் த மீட்டிங்’ என்பதும் சரிதான். போவது அவ்வளவு உறுதியில்லை என்பதைத்தான் அந்த ‘வென்ட்’ காட்டுகிறது. ‘இஃப்’ வந்தால் மட்டும் ஒரு நொடி நின்று யோசிக்க வேண்டும். இதைச் செயலி எனக்குச் சொல்லித் தரவில்லை.

இப்போதும் அதை வைத்திருக்கிறேன். கூடவே, அனுப்பும் முன் ‘ஆஃப்டர்’, ‘வென்’, ‘இஃப்’ மூன்றையும் நானே தேடிப் பார்க்கிறேன். ‘டில்’, ‘பிஃபோர்’ இரண்டையும் தேடுவதில்லை. பழைய மெயில்களைப் புரட்டியபோது அவற்றின் பின்னால் ஒரு ‘கேம்’கூட இல்லை. தமிழில் நாம் ‘வரும் வரை’, ‘வருவதற்கு முன்’ என்றுதானே சொல்கிறோம்!