புது கீபோர்டில் சில விசைகள் மட்டும் சொரசொரப்பு: பழக விடுவதா, கிரீஸ் தடவுவதா, ஸ்விட்சை மாற்றுவதா?

தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் புள்ளி வைக்கும் விசை எஃப். நாள் முழுக்கத் தமிழில் தட்டுகிறவனுக்கு இடது ஆள்காட்டி விரல் அதன்மேல்தான் குடியிருக்கும். புதிதாக வாங்கிய, விசைக்கு விசை தனி ஸ்விட்ச் உள்ள மெக்கானிக்கல் கீபோர்டில் அந்த விசையே மணலில் தேய்வதுபோல் இறங்கினால் எப்படி இருக்கும்? பக்கத்திலிருக்கும் டி, அதாவது நம் உகரம், வழுக்கிக்கொண்டு போகிறது. னகரம் இருக்கும் ஐ விசை ஆடுகிறது. ஸ்பேஸ் பார் லொடலொடக்கிறது.

கேட்டால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். எதையும் தொடங்கும் முன் கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

எடைக்கல்லாக நாணயத்தை எடுத்துக்கொண்டேன்: 2011 வரிசை ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று 6 கிராம். செர்ரி எம்எக்ஸ் ரெட் போன்ற, நடுவில் மேடு தட்டாமல் இறங்கும் லீனியர் ஸ்விட்ச் 2 மி.மீ. இறங்கி எழுத்தைப் பதிக்க ஏறக்குறைய 45 கிராம் எடை வேண்டும். டி விசைமேல் எட்டு நாணயத்தை ஆடாமல் அடுக்கினேன். திரையில் உ உ உ என்று ஓட ஆரம்பித்தது. எஃப்-இல் ஒன்பது வைத்தும் அசையவில்லை. மேஜையை லேசாகத் தட்டிய பிறகுதான் இறங்கியது. ஸ்பிரிங் மட்டுமே காரணமென்றால் இப்படித் தொக்கி நிற்காது, உள்ளே உராய்வு இருக்கிறது.

அடுத்து இரண்டு ஸ்விட்சுகளையும் இடம் மாற்றிப் போட்டேன். சொரசொரப்பு ஸ்விட்சோடு போனால் ஸ்விட்சில் கோளாறு. எஃப்-இலேயே நின்றால் கீகேப்பையோ (ஸ்விட்சின் மேல் மாட்டும் எழுத்துத் தொப்பி) அடியிலுள்ள சர்க்யூட் பலகையையோ பார்க்க வேண்டும். எனக்கு ஸ்விட்சோடு போனது. ஐ விசையின் கதை வேறு: ஸ்விட்ச் தகட்டில் முழுசாக உட்காரவே இல்லை. பின்பக்கம் விரலால் தாங்கிக்கொண்டு நேராக அழுத்தியதும் 'டக்' என்று உட்கார்ந்தது, ஆட்டம் நின்றது. கோணலாக அழுத்தினால் செம்புக் கால் மடங்கிவிடும், அப்புறம் அந்த எழுத்தே வராது.

இனி வைத்தியங்கள். பழக விடுவது செலவில்லாதது. பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் தேய்ந்து நாளடைவில் வழவழப்பு கூடும் என்பது உண்மைதான். ஆனால் எல்லா விசையும் ஒரே மாதிரி லேசாகச் சொரசொரத்தால்தான் இது சரி. ஒன்று மட்டும் தனித்து உறுத்தினால் காத்திருப்பதில் திருப்பித் தரும் கெடுதான் கழியும்.

கிரீஸ் தடவுவதில் வரும் மென்மை வேறெதிலும் வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மேல்மூடி, தண்டு, ஸ்பிரிங், அடிக்கூடு என்று ஸ்விட்சை நாலாகப் பிரித்து, தண்டு உரசும் தடங்களில் கிரைடாக்ஸ் 205ஜி0 என்ற கிரீஸைத் தூரிகையால் பூச வேண்டும். பூச்சு கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். வெள்ளையாகத் திட்டு நின்றால் விசை மந்தமாகிவிடும். அழுத்தும்போது நடுவில் ஒரு மேடு விரலுக்குத் தட்டுப்படும் பிரவுன் வகையில் தண்டின் கால்களில் தூரிகை படவே கூடாது, அந்த மேடு மழுங்கிப்போகும். ஒன்றுக்கு மூன்று நிமிஷம் என்றாலும் 87 விசைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல். அதைவிட முக்கியம், ஒன்றிரண்டுக்கு மட்டும் பூசினால் அவை மற்றவற்றைவிட வழவழப்பாகி, நாம் தீர்க்க வந்த ஏற்றத்தாழ்வே வேறு ரூபத்தில் திரும்பி வரும். பூசுவதென்றால் எல்லாவற்றுக்கும் பூசுங்கள்.

ஆகவே நாலைந்து விசை மட்டும் தகராறு என்றால் மாற்றுவதே என் கட்சி. புதிதாக வாங்கக்கூட வேண்டாம். எஃப்-இல் இருந்த ஸ்விட்சை ஸ்க்ரோல் லாக்குக்கு அனுப்பிவிட்டு, அங்கே கைபடாமல் இருந்ததை எஃப்-இல் போட்டேன். கடையில் உதிரியாக வாங்கினால் அதே மாடலாகப் பாருங்கள். ஒரே சிவப்பு நிறமாக இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி ஸ்பிரிங் மாறும்.

இதெல்லாம் ஸ்விட்சைப் பிடுங்கிச் செருகும் ஹாட்ஸ்வாப் பலகைக்குத்தான். சாலிடர் வைத்த பலகையென்றால் எதையும் திறக்காமல் கெடுவுக்குள் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஸ்பேஸ் பாருக்கு மேலே சொன்ன எதுவும் பலிக்காது. அங்கே சத்தம் போடுவது ஸ்விட்ச் அல்ல, இரு பக்கமும் தாங்கும் ஸ்டெபிலைசர் கம்பி. முதலில் கீகேப்பைக் கழற்றிக் கண்ணாடிமேல் வையுங்கள். ஒரு முனையை அழுத்தும்போது மறுமுனை எழுந்தால் கீகேப்பே வளைந்திருக்கிறது. பிபிடி என்ற பிளாஸ்டிக்கில் செய்த நீளமான கீகேப்பில் இது அடிக்கடி வரும், வார்ப்பில் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைவிட அது அதிகம் சுருங்கும். என்னுடையது நேராகவே இருந்தது. கம்பியின் இரு முனைகளும் நுழையும் பொந்துகளில் கெட்டியான டைஎலக்ட்ரிக் கிரீஸை ஊசி இல்லாத சிரிஞ்சால் துளித்துளியாக விட்டேன். லொடலொடப்பு அடங்கி, இப்போது தட்டினால் ஒற்றை 'தொப்' மட்டும் கேட்கிறது.