வளையப்பந்து ரப்பர் வளையம்: 8 முதல் 10ஆம் வகுப்பு மாணவிகளுக்கு வாங்கலாமா?

வளையப்பந்து (டென்னிகாய்ட்) என்பது வலைக்கு மேலாக ரப்பர் வளையத்தை வீசிப் பிடிக்கும் ஆட்டம். அதற்கான வளையத்தை வாங்கலாம். ஒன்றிரண்டு வாங்கி பி.டி. அறை ஆணியில் மாட்டிவைப்பதானால் வேண்டாம். நான்கு பேருக்கு ஒரு வளையம் என்று 40 பேர் வகுப்புக்கு 10, உபரியாக 2.

கணக்கு எளிது. ஒரு வளையத்துக்கு 20 பேர் வரிசையில் நிற்க, ஆளுக்கு 5 விநாடி என்றால் ஒருத்திக்கு 100 விநாடிக்கு ஒரு முறைதான் கைக்கு வரும். 20 நிமிடத்தில் 12 தடவை. இருவருக்கு இருவர் ஆடினால் 4 விநாடிக்கு ஒரு வீச்சு. கீழே விழுந்ததை எடுத்துவரும் நேரத்துக்குப் பாதியைக் கழித்தாலும் ஆளுக்கு 35க்கு மேல். வரிசையில் நிற்பவள் கைகட்டிக் கதை பேசுவது சோம்பலால் அல்ல. அவளுக்கு அங்கே வேலை இல்லை. தவறவிட்டால் 19 பேர் பார்ப்பார்கள் என்ற கூச்சம் வேறு.

இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் பங்கர், தார்ப் இருவரும் 1982இல் முன்வைத்த, விளையாட்டு கற்பிக்கும் முறைக்கு இந்த வளையம் அச்சாகப் பொருந்துகிறது: முதலில் ஆட்டம், பிறகு கேள்வி, தேவைப்பட்டால் மட்டும் பயிற்சி, மறுபடி ஆட்டம். முறையான ஆடுகளம் 12.2 மீட்டர் நீளம், 5.5 மீட்டர் அகலம், வலை உயரம் 1.8 மீட்டர். தொடக்கத்தில் அது வேண்டாம். பாதி நீளம் போதும். வலைக்குப் பதில் 1.5 மீட்டரில் ஒரு கயிறு. ஐந்து நிமிடம் ஆடவிட்டு நிறுத்தி, "எதிர்ப்பக்கம் எங்கே காலியாக இருந்தது?" என்று மட்டும் கேளுங்கள். "மூலையில், மிஸ்" என்று பதில் வந்த பிறகு மணிக்கட்டைத் திருப்பி வீசக் காட்டினால், எதற்கென்று அவர்களுக்கே தெரியும். யாருடன் ஜோடி, கயிறு எவ்வளவு உயரம் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். தோற்றவரை உட்காரவைக்கும் ஆட்டம் மட்டும் கூடாது. பயிற்சி அதிகம் தேவைப்படுபவள்தான் முதலில் வெளியே போவாள்.

குறைகளும் உண்டு. விதிப்படி ஒரு கையால்தான் பிடிக்க வேண்டும். விரல்களை விறைப்பாக நீட்டிப் பிடித்தால் நுனியில் அடிபடும், நீள நகம் பிளக்கும். முதல் இரண்டு வகுப்புக்கு இரு கைப் பிடியை அனுமதித்துவிடுங்கள். சிமென்ட் தரையில் விழுந்தால் சக்கரம்போல் உருண்டோடும். மண் தரையே வசதி. துப்பட்டா கையில் சிக்கும், இடுப்பில் முடிந்து ஊக்கு குத்த இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். பையன்கள் வேடிக்கை பார்க்கும் பக்கம் களம் போட்டால் பாதிப் பேர் "வயிற்று வலி, மிஸ்" என்று மரத்தடிக்குப் போய்விடுவார்கள். உண்மையிலேயே வலி இருப்பவளுக்குப் புள்ளி எண்ணும் வேலை கொடுக்கலாம், கட்டாயம் இல்லை.

கடையில் பார்க்க வேண்டியது: வெளிவிட்டம் சுமார் 18 செ.மீ., எடை 200 கிராமை ஒட்டி. தரையில் உருட்டுங்கள், தள்ளாடினால் வார்ப்பு கோணல். உள்விளிம்பில் விரலை ஓட்டினால் வார்ப்பு இணைப்பின் பிசிறு தட்டும். உள்ளங்கையைக் கீறுவது அதுதான். லேசாக இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிடலாம், தடிமனாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். மலிவு ரப்பர் வெயிலில் பிசுபிசுத்து, பிறகு வெடிக்கும். ஆட்டம் முடிந்ததும் எண்ணி, துடைத்து, நிழலில் வைக்க வேண்டும்.